மிதக்கும் பொய்மீன்கள்

அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்த ஒவ்வொன்றுக்கும் என் கணவர் இதைத்தான் சொல்லிக் காட்டினார். "நீர்தானே கொண்டு வந்தனீர்" என்பார். அதற்கு மேல் எனக்குக் கதைக்க இடம் இராது.

அவர் சூரிச்சில் ஓர் உணவகத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றே வேலை செய்தவர். இடுப்பில், நாரி எலும்பில் தட்டு விலகி, ஒரு கோடை முழுக்கப் படுக்கையில் கிடந்து எழும்பினார். இனிப் பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, ஆனால் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதல் இரண்டையும் அவர் கேட்டார். மூன்றாவது அவர் காதில் ஏறவே இல்லை.

சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் எங்களுடையது மூன்று அறை வீடு. மகள் படித்து முடித்துப் பாசல் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆகவே அவருடைய மேற்பார்வை முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை முடித்து வீட்டுக்கு வந்தால், மசாலாப் போத்தல்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். மிளகாய்த்தூள் எங்கே என்று கேட்டால், மேல் தட்டைக் காட்டி, "இதுதான் சரியான ஒழுங்கு, பழகிப் பாரும்" என்பார். ஒரு நாள் நான் வெங்காயம் வெட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கத்தி பிடிக்கிற பிடி பிழை என்றார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அந்தப் பிடியால் வெட்டிய வெங்காயத்தைத்தான் அவர் தின்றுகொண்டிருந்தார்.

நான் வேலை செய்யும் இல்லத்தில் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஹவுஸ்வார்ட், தெற்கே இத்தாலியன் பேசும் திச்சினோ மாநிலத்துக்காரர். கோப்பி இடைவேளையில் ஒரு நாள் அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அடுத்த கிழமை அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். அவருடைய தகப்பனார் இறந்து வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம். உள்ளே தூண்டிலில் கட்டும் பொய்மீன்கள் பத்துப் பன்னிரண்டு. மரத்தில் செதுக்கி நிறம் பூசியவை சில, பிளாஸ்டிக் சில, ஒரு ரப்பர் தவளை.

இவை தண்ணீருக்கு அடியில் போகாது, மேலே மிதப்பவை என்று அவர் விளக்கினார். மேற்பரப்பில் ஆட்டிச் சத்தம் எழுப்பினால், கீழே ஒளிந்து நிற்கும் மீன் பாய்ந்து வந்து அடிக்கும். தன் ஊர்ப்பக்கம் லுகானோ ஏரியில் அப்படிப்பட்ட மீன் இருக்கிறது, பாஸ் என்பார்கள். தகப்பனார் அதற்காகத்தான் இவற்றை வைத்திருந்தார். சூரிச் ஏரிக்கு இவற்றைக் கொண்டுபோவதில் பயனில்லை, அங்கே அந்த மீனே கிடையாது. இவ்வளவையும் அவர் தெளிவாகச் சொன்னார். நானும் வீட்டில் தெளிவாகச் சொன்னேன்.

மறுநாளே என் கணவர் ஒரு தூண்டில் கம்பும் வாங்கிக்கொண்டு சூரிச் ஏரிக்குப் போனார். மாலையில் முகம் சிவந்து திரும்பி வந்தார். கரையில் நின்று சும்மா புழு கோத்துப் போட்டால் அனுமதிச் சீட்டு வேண்டாமாம், பொய்மீன் போட்டால் வேண்டுமாம், அந்தச் சீட்டுக்கு முதலில் ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டுமாம். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் இதையெல்லாம் முழுப் பேருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

"மீன் பிடிக்கவும் இந்த நாட்டில சோதினையோ?"

"ஓம். சட்டம் வந்து எத்தினை வருசம்."

"எனக்கு அவங்கட டொச் முழுக்க விளங்காது. நீரும் வாரும்."

அப்படித்தான் என்னுடைய ஒரேயொரு ஓய்வுச் சனிக்கிழமையில் நானும் மீன்பிடி வகுப்பில் உட்கார்ந்தேன். பிடித்த மீனை எப்படிக் கொல்ல வேண்டும் என்று ஆசிரியர் படம் போட்டுக் காட்டினார். முதலில் தலையில் பலமாக ஓர் அடி, பிறகு செவுளை வெட்டு, இந்த ஒழுங்கு மாறக் கூடாது. என் கணவர் கையை உயர்த்தி, தான் இருபத்திரண்டு வருடத்தில் வெட்டிய மீன்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் அதை டொச்சில், அதாவது ஜெர்மனில், பாதியாக வெட்டிச் சொன்னேன். அவர் மிச்சப் பாதியையும் சொல்லச் சொல்லி என் முழங்கையில் இடித்தார். சோதனையில் இருவரும் தேறினோம். எனக்கு அவரைவிட இரண்டு புள்ளி கூட. கேள்வியை மொழிபெயர்த்தவருக்கு அது சுலபம் என்றார்.

இனி எந்தப் பொய்மீனைப் போடுவது என்ற கேள்வி. அது எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினார். வாய் குழிந்த ஒன்று இருந்தது. அதற்குப் பொப்பர் என்று பெயர். தூண்டில் கம்பை வெடுக்கென்று இழுத்தால் அது தண்ணீரைக் கவ்வி 'குளுக்' என்று துப்பும். சுருட்டு மாதிரி நீளமானது இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு வரும். பின்பக்கம் சின்ன விசிறி பூட்டியது கரகரத்து ஓடும். தவளை, நாணலுக்கும் தாமரை இலைக்கும் மேலால் சிக்காமல் வருவதற்கு. இவருக்குப் பிடித்தது இருப்பதிலேயே பெரிய, சிவப்பும் மஞ்சளுமான பொப்பர். கோயில் தேர்ச்சீலை நிறம்.

நான் ஹவுஸ்வார்ட்டைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் சின்னது, சத்தம் குறைந்தது. காற்று அடித்துச் சிற்றலை எழுந்தால் விசிறி மாதிரிச் சத்தம் கூடியது. நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மீன் கீழே நின்று மேலே பார்க்கிறது, அதற்குத் தெரிவது வயிறும் வானத்துக்கு எதிரான நிழலும்தான்.

"அப்ப முதுகுக்கு ஏன் இவ்வளவு வடிவா நிறம் அடிக்கிறாங்கள்?"

"கடையில வாங்கிறவை மேலயிருந்து பாக்கினமெல்லோ."

அதை அவர் ஏற்கவில்லை. மகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, மரப்பொய்மீன் ஒன்றின் முதுகில் வெள்ளிச் செதில் வரைந்தார். சமையலறை இரண்டு நாள் நகப்பூச்சு மணத்தது.

அடுத்தது கொக்கிகள். நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. அவர் ஒவ்வொரு கொக்கியையும் குறட்டால் நசுக்கினார். நசுக்கியதைச் சோதிக்க என் குளியல் துவாயில் குத்தி இழுத்துப் பார்த்தார். ஒன்றைப் பொய்மீனோடு சேர்த்துத் துவாயிலேயே மறந்துவிட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கீழே துணி துவைக்கும் அறை இருக்கிறது, ஆளுக்கொரு நாள். எங்கள் நாளில் துவாய் துவைபட்டது, முள் இல்லாத கொக்கி சுலபமாகக் கழன்றது, பொய்மீன் மெஷினுக்குள் தங்கியது. அடுத்த நாளுக்குரிய மூன்றாம் மாடிப் பெண்மணியின் மெல்லிய திரைச்சீலையில் போய்க் கொளுவியது. அன்று மாலை அறைக் கதவில் தட்டச்சு செய்த அறிவித்தல் ஒட்டியிருந்தது. மீன்பிடிக் கருவிகளை மெஷினில் கழுவ வேண்டாம் என்று. பெயர் போடவில்லை. அந்தக் கட்டடத்தில் பெயர் போடத் தேவையும் இல்லை. நான் கேக் ஒன்று செய்துகொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். நான் திரும்பி வந்ததும் என் கணவர், "அந்தப் பொய்மீனைத் திருப்பித் தந்தவவோ?" என்று கேட்டார்.

லுகானோவுக்கு முதல் தடவை ஜூலையில் போனோம். புதிய சுரங்கப் பாதை திறந்த பிறகு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து இன்னொரு சின்ன ரயில். நாணல் நிற்கும் குடா ஒன்றை ஹவுஸ்வார்ட் காகிதத்தில் கீறித் தந்திருந்தார். விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும்தான் மீன் மேலே வரும் என்றும் எழுதித் தந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. வெயில் தலையைப் பிளந்தது. குளிக்க வந்த பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நாணலை விட்டுவிட்டு, தூரம் எறிய முடிகிறது என்பதற்காகத் திறந்த நீரில் சிவப்புப் பொப்பரை எறிந்து எறிந்து இழுத்தார். ஒரு கணம் கூட அதை நிற்க விடவில்லை. ஏதோ அவசரத் தபால் மாதிரி அது போய் வந்தது. இரண்டு மணிக்கு, இந்த ஏரியில் மீன் இல்லை என்று அறிவித்தார்.

இரண்டாவது தடவை பின்னேரம் போனோம். இந்த முறை மீன் இருந்தது. நாணல் ஓரம் பொப்பர் விழுந்து, இரண்டு முறை 'குளுக்' என்றது, சடாரென்று தண்ணீர் வெடித்தது. வெடித்த அதே கணத்தில் இவர் முழுப் பலத்தோடு கம்பை இழுத்தார். மீனின் வாய்க்குள் இன்னும் போகாத பொப்பர் காற்றில் விசிறிக்கொண்டு திரும்பி வந்து என் குடைத்துணியில் குத்தியது. வெயிலுக்கு நான் குடை பிடித்திருந்ததால் தப்பினேன்.

"சத்தம் கேட்டவுடன இழுக்கக் கூடாது எண்டு ஹவுஸ்வார்ட் சொன்னதெல்லோ? நூல் பாரமாகும் வரைக்கும் பொறுங்கோவன்."

"நான் பொறுத்தனான்."

"எங்க பொறுத்தனீங்கள்? குடையைப் பாருங்கோ."

அன்று நான்கு தடவை மீன் அடித்தது. நான்கு தடவையும் பொப்பர் கரைக்குப் பறந்து வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வீடு திரும்பும் ரயிலில் அவர் ஆர்த்-கோல்டாவ் நிலையம் வரைக்கும் குற்றவாளியைத் தேடினார். கம்பு விறைப்பு, தங்கூசி நூல் மெல்லிசு, சூரியன் எதிரே. தன்னுடைய கை அந்தப் பட்டியலில் வரவில்லை.

மூன்றாவது தடவைக்கு நான் இரண்டு நாள் லீவு போட்டேன். குடாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் தங்கி, விடியும்போதே கரைக்கு வந்துவிட்டோம். தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை. எதிர்க்கரை மலை தலைகீழாகக் கிடந்தது. இவர் சிவப்புப் பொப்பரைக் கையில் எடுத்தார்.

"இந்த அமைதிக்கு அது வேண்டாமப்பா. அந்தச் சின்ன மரமீனைப் போடுங்கோ."

"அது துருப்பிடிச்ச கறள் நிறம். மீனுக்குக் கண் தெரிய வேண்டாமோ?"

"ஒருக்கா, ஒரேயொருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு கட்டினார். நாணல் ஓரம் நல்லதொரு எறி எறிந்தார், அதை நான் மறைக்கவில்லை. பிறகு கீழே விழுந்திருந்த கத்திரிக்கோலை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாரி பிடித்துக்கொண்டது. முகம் சாம்பலாகிவிட்டது. "பிடியும், இதைப் பிடியும்" என்று கம்பை என் பக்கம் நீட்டினார்.

நான் இடது கையில் கம்பையும் வலது கையில் அவருடைய கக்கத்தையும் பிடித்தேன். முதலில் முழங்காலில் இருத்தி, பிறகு பக்கவாட்டில் சாய்த்து, மெல்ல மெல்ல முதுகில் கிடத்தினேன். வேலையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரை அப்படிக் கிடத்துகிறேன், கை தானாகச் செய்தது. அவ்வளவு நேரமும் அந்த மரப்பொய்மீன் நாணல் ஓரத்தில் அசையாமல் மிதந்துகொண்டு கிடந்தது. அவர் தலை புல்லில் பட்டதும் நான் நிமிர்ந்தேன். கம்பு சற்று அசைந்திருக்க வேண்டும். தண்ணீர் வாய் திறந்த மாதிரி இருந்தது. ஒரு வாளித் தண்ணீரை நிலத்தில் அடித்த சத்தம். எனக்கு இழுக்க நேரமே இல்லை. நூல் தானாகப் பாரமானது.

அந்தப் பாரம் தோள் வரைக்கும் ஏறியது. மீன் நாணலுக்குள் போகப் பார்த்தது, நான் மறுபக்கம் நடந்தேன். அது முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறியது. பச்சை முதுகு, என் கை நுழையும் அளவுக்கு வாய். எனக்கு வாழ்க்கையில் அப்படியொரு சந்தோசம் எப்போது வந்தது என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் கீழே, வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாமல் கிடந்தவர் என்னை இயக்கத் தொடங்கிவிட்டார்.

"கம்பைத் தூக்கும். இல்லை, இறக்கும். சுத்தும், வேகமாச் சுத்தும். என்ன செய்யிறீர்? நூலைத் தளர விடாதையும்."

"வாயைக் கொஞ்சம் மூடுங்கோ" என்று சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். திரும்பிய அந்தக் கணத்தில் நூல் தளர்ந்தது. மீன் இன்னொரு தடவை தலையை உதறியது. முள் நசுக்கிய கொக்கி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மரப்பொய்மீன் மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றது.

பிறகு அவர் சொன்னார்: "விட்டிட்டீர். மூண்டு தரம் சொன்னனான்."

நான் கம்பைப் புல்லில் வைத்தேன். கைப்பையை எடுத்துத் தோளில் போட்டேன். நடந்தேன். அவர் கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை. சின்ன ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கோப்பிக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு கோப்பி வாங்கி நின்றபடியே குடித்தேன். சூரிச்சுக்குப் போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். நேரம் பார்க்கப் போனை எடுத்தேன். பைக்குள் இரண்டு போன் கிடந்தன. ஒன்று அவருடையது.

திரும்பிப் போனபோது, நாயோடு காலை நடை வந்த ஒரு முதியவர் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தன்னுடைய மேற்சட்டையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்திருந்தார். ஒருவருக்கு இத்தாலியன், மற்றவருக்குத் தமிழும் அரைகுறை டொச்சும். இருந்தும் இருவரும் கையால் மீனின் நீளத்தைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புருசனைப் புல்லில் போட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போன பெண்ணைப் பார்க்கிற பார்வை. எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்பட வைத்ததற்காக இன்னும் கோபம் வந்தது. இருவருமாக அவரைத் தூக்கி மரத்தில் சாய்த்து இருத்தினோம். முதியவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு நாயோடு போனார்.

"போயிட்டீர் எண்டு நினைச்சன்" என்றார் என் கணவர்.

"போயிருப்பன். உங்கட போன் என்ர பைக்குள்ள கிடந்தது."

தலையை ஆட்டினார்.

"நாள் முழுக்க வீட்டில இருக்கிறன். நீர் வேலையால வரேக்க சொல்லுறதுக்கு என்னட்ட ஒரு கதையும் இல்லை. உமக்கு அங்க பத்துச் சனத்தின்ர கதை இருக்கு. போத்தலை மாத்தி வைச்சால் அதைப் பற்றியாவது கதைப்பீர்."

"அதுக்கு மிளகாய்த்தூளை ஏன் மேல் தட்டில வைக்கிறியள்? எனக்கு எட்டாது" என்றேன்.

"எட்டாட்டி என்னைக் கூப்பிடுவீரெல்லோ."

அன்று நாங்கள் மீண்டும் எறியவில்லை. மத்தியான ரயிலில் அவரை இரண்டு இருக்கையில் சாய்த்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு ஒரு பார்வை, ரயிலை நான்தான் ஓட்டுகிற மாதிரி.

முதுகில் ஊசி போட்டார்கள், பயிற்சிக்கு அனுப்பினார்கள். செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, என்னிடம் சொல்லாமல் தனியாக லுகானோவுக்குப் போய்விட்டார். மாலையில் நான் ஓர் அம்மாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருக்க, சட்டைப் பைக்குள் போன் துடித்துத் துடித்து நின்றது. எடுக்க முடியாது. இடைவேளையில் பதறிப்போய்க் கூப்பிட்டேன். கரையில் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"பிடிச்சிட்டன். காத்து அடிச்சது, விசிறியைப் போட்டனான். அடிச்சவுடன நான் இழுக்கேல்லை. பத்து வரைக்கும் எண்ணினனான்."

பத்து எண்ணினால் எந்த மீனும் துப்பிவிட்டுப் போய்விடும் என்று ஹவுஸ்வார்ட் பிறகு சிரித்தார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. என் கணவர் மீனை விதிப்படி கொன்று, கழுவி, ஐஸ் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தார். வெள்ளைச் சதை, முள் குறைவு. நல்ல ருசிதான். சாப்பிட்டு முடியும் வரைக்கும் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னார், அதில் மீன் ஒரு சாண் வளர்ந்தது. குடை பிடித்தவளும், லீவு போட்டவளும், கேக் செய்து கொடுத்தவளும் நான். அது நடந்தபோது மட்டும் நான் அங்கே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கோடையில் மாதம் இரண்டு தடவை போகிறார், மடக்கு நாற்காலியோடு. வேலை நேர ஒழுங்கு இடம் விட்டால் நானும் போகிறேன். எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. இதுவரை நான் இரண்டு மீன் பிடித்திருக்கிறேன். இரண்டுமே தான் தேர்ந்து கட்டித் தந்த பொய்மீனுக்கு வந்தவை என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஒன்று அப்படித்தான். மற்றதற்கு, அவர் நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் நான் வேறொன்றை மாற்றிக் கட்டிவிட்டேன்.